கரி, எண்ணெய், வாயு: வட சிலாங்கூர்த் தோட்டக் கழிவுகளின் மூன்று கணக்குகள்

கேள்வி

கோல சிலாங்கூரில் தொடங்கி வடக்கே சபாக் பெர்ணம் வரையிலும், கிழக்கே பெஸ்தாரி ஜெயா, பத்து ஆராங் வரையிலும் விரியும் நிலத்தில் நூறாண்டுத் தோட்ட வரலாறு அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. கரையோரம் தென்னை. தஞ்சோங் காராங், செகிஞ்சான் பக்கம் நெல்வயல். உள்ளே முன்பு ரப்பர், இப்போது செம்பனை. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் தோட்டம் 1917-இல் உருவானது இங்கேதான். பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோகோனியே அதைத் தொடங்கினார். அந்தத் தோட்டமும் அதைச் சுற்றி எழுந்த தோட்டங்களும் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பில் நிலைபெற்றன.

இந்தப் பயிர்கள் எல்லாமே விற்பனைக்குப் போகும் பொருளைவிட அதிகமான கழிவை விட்டுச் செல்பவை. ஒரு டன் செம்பனைக் குலையை ஆலையில் இட்டால் ஏறத்தாழ 200 கிலோ எண்ணெய் கிடைக்கும். பழம் உதிர்ந்த வெற்றுக் குலை மட்டும் 220 கிலோவுக்கு மேல் மிஞ்சும். நார் 120 முதல் 140 கிலோ, கொட்டை ஓடு 50 முதல் 60 கிலோ. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. இருபத்தைந்து வயதான செம்பனையை வெட்டி மறுநடவு செய்கையில், ஒரு ஹெக்டேரில் உலர் எடையாகவே 70 டன்னுக்கு மேல் தண்டுகள் சாய்கின்றன. 2010-இல் நாட்டின் செம்பனைத் துறையிலிருந்து மட்டும் சுமார் 8 கோடி டன் உலர் உயிர்க்கழிவு வந்ததாக, 2011-இல் வெளியான தேசிய உயிர்ப்பொருள் வியூகத் திட்டம் கணக்கிட்டது.

இவ்வளவையும் என்ன செய்வது? திறந்தவெளியில் எரிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு பெருகி இளங்கன்றுகளின் குருத்தைத் துளைக்கிறது. இந்த இடத்தில்தான் பைரோலிசிஸ் என்னும் வெப்பச் சிதைவு தீர்வாக முன்வைக்கப்படுகிறது. காற்றில்லாமல் சூடாக்கினால் கழிவு எரிபொருளாகும், உரமாகும், கார்பன் சந்தையில் காசாகும் என்கிறார்கள். இந்த வாக்குறுதிகளில் எவை நிற்கும், எவை நிற்காது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். என் அளவுகோல் எளியது. வெப்பச் சிதைவில் எப்போதும் கரி, எண்ணெய்ப்பசை கலந்த திரவம், வாயு ஆகிய மூன்றும் சேர்ந்தே பிறக்கின்றன. மூன்றுக்கும் கணக்குக் காட்டும் முறையே நல்ல முறை. ஒன்றை விற்றுவிட்டு மற்ற இரண்டை ஊரின் தலையில் விடுவது வெறும் இடமாற்றம்.

உள்ளே நடப்பது என்ன

மரமோ உமியோ குலையோ எதுவானாலும், காற்றுப் புகாத கலனில் சூடேற்றினால் முதலில் ஈரம் ஆவியாகிறது. ஏறத்தாழ 220 பாகை செல்சியஸில் ஹெமிசெல்லுலோஸ் உடையத் தொடங்கும். 315 முதல் 400 பாகைக்குள் செல்லுலோஸ் சிதையும். லிக்னின் மட்டும் அவசரப்படாமல் நீண்ட வெப்ப எல்லையில் மெல்ல மெல்லக் கரியாகும். எழும் ஆவியைக் குளிரவைத்தால் ஒரு பகுதி திரவமாகிறது. குளிராத பகுதியில் கார்பன் மோனாக்சைடு, மீத்தேன், ஹைட்ரஜன், கார்பன் டைஆக்சைடு ஆகியவை உண்டு. எஞ்சுவது கரி.

எது எவ்வளவு கிடைக்கும் என்பதைச் சூடேற்றும் வேகம் தீர்மானிக்கிறது. மெதுவாகச் சூடாக்கினால் கரி, திரவம், வாயு மூன்றும் தோராயமாக ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. பொடியாக்கிய உலர்பொருளை 500 பாகையில் நொடிப்பொழுதில் சிதைத்து, ஆவியை இரண்டு நொடிக்குள் குளிரவைத்தால் முக்கால் பங்குவரை திரவம் கிடைக்கும், கரி குறையும். கரி வேண்டுமா எண்ணெய் வேண்டுமா என்பதை ஆலை கட்டுவதற்கு முன்பே முடிவுசெய்தாக வேண்டும்.

பழைய தோட்டத்தின் புகையும் கரியும்

இந்த வட்டாரத்துக்கு வெப்பச் சிதைவு புதிதல்ல. ரப்பர் தோட்டங்களில் பாலை உறையவைத்து, உருளையில் அழுத்தித் தகடாக்கி, புகைக்கூடத்தில் நாட்கணக்கில் தொங்கவிட்டார்கள். அடியில் விறகு கனலும். உள்ளே 50, 60 பாகைச் சூடு. அந்தப் புகை தகட்டை உலர்த்தியதோடு, விறகின் லிக்னின் சிதைந்து வந்த ஃபீனால் வகைப் பொருள்களைத் தகட்டில் படியவைத்துப் பூஞ்சையையும் தடுத்தது. உலகச் சந்தையில் புகையூட்டிய வரித்தகடு தனித் தரமாக நின்றதற்கு இந்த வேதியியலே காரணம்.

பாலை உறையவைத்த அமிலத்துக்கும் இதே பூர்வீகம்தான். அசெட்டிக் அமிலத்தால் ரப்பர்ப் பாலை உறையவைக்கலாம் என்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையில் ஜான் பார்க்கின் எடுத்துக்காட்டினார். அக்காலத்தில் அசெட்டிக் அமிலம் பெரும்பாலும் மரத்தை மூடிய கலனில் சூடாக்கி வடித்ததிலிருந்தே கிடைத்தது. 1915 முதல் 1960 வரை பத்து ஆராங்கில் நிலக்கரி எடுத்து ரயிலுக்கும் மின்நிலையத்துக்கும் தந்த மலாயன் கோலியரிஸ் நிறுவனம், செங்கல் சூளைகளோடு மரவடிப்பு ஆலை ஒன்றையும் அங்கே நடத்தியது. அமிலத்துக்கான சந்தை சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களிலேயே இருந்தது, கரிக்கும் ஆளிருந்தார்கள். ஒரு வட்டாரத்தின் மரம் அதே வட்டாரத்தின் தொழிலுக்கு உதவிய அந்த ஏற்பாட்டை இன்றைய திட்டக்காரர்கள் திரும்பிப் பார்ப்பது நல்லது.

வீட்டுப் பக்கமும் அப்படித்தான். உமிக்கரியில் பல் துலக்கியவர்களும், சிரட்டைக்கரி போட்டு இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கியவர்களும் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தார்கள். நாற்றுப்பைகளுக்கான மண்கலவையில் சேர்க்க மலாய்க்காரர்கள் செக்காம் பாக்கார் என்னும் சுட்ட உமியை இன்றும் வாங்குகிறார்கள். பேராக்கின் கோல செப்பெத்தாங் ஊரில் குவிமாடம்போல் எழும் செங்கற்களாலான சூளைகள் மாத்தாங் சதுப்புக்காட்டின் பாக்காவ் மரத்தைக் கரியாக்குகின்றன. சுமார் 40,000 ஹெக்டேர் பரப்புள்ள அந்தக் காடு 30 ஆண்டுச் சுழற்சியில் வெட்டப்பட்டு மறுபடி வளர்க்கப்படுவதால், நூறாண்டு கடந்தும் காடாகவே நிற்கிறது. தென்தமிழகத்தில் ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் சீமைக்கருவேலத்தை அடுக்கி மண்பூசிக் கரிமூட்டம் போடுகிறார்கள்.

இவற்றை மூன்று கணக்கில் வைத்துப் பார்த்தால் குறைகள் தெரிகின்றன. புகைக்கூடம் புகையைப் பயன்படுத்தியது. ஆனால் அதைச் சுவாசித்தவர்களின் நெஞ்சைக் கணக்கில் எடுக்கவில்லை. சூளையும் மூட்டமும் கரியை மட்டும் எடுத்துக்கொண்டு, வாயுவையும் தாரையும் காற்றில் விடுகின்றன. மாத்தாங் சூளைகளில் புகையைக் குளிரவைத்து மரவினிகர் எடுப்பது சிறிய திருத்தம். கொங்கு நாட்டில் காங்கேயம் பகுதித் தொட்டிக்கரித் தொழில், தேங்காய்ச் சிரட்டைக்கு விலை கொடுத்துப் பல குடும்பங்களை வாழவைத்திருக்கிறது. அதே தொழில் விடும் புகையும், கரியை அணைக்க ஊற்றும் நீரும் காற்றையும் கிணற்றையும் கெடுப்பதாக அங்குள்ள உழவர்கள் போராடியும் இருக்கிறார்கள். 1973-இல் இலங்கையில் தொடங்கப்பட்ட ஹேகார்ப் நிறுவனம் போன்றவை அதே சிரட்டைக்கரியை நீராவியால் துளையேற்றி, நீர் சுத்திகரிக்கும் கிளர்வூட்டிய கரியாக உலகுக்கு விற்கின்றன. ஓரிடத்தில் நீரைச் சுத்திகரிக்கும் பொருள் இன்னோரிடத்தில் நீரைக் கெடுத்துப் பிறக்கக் கூடாது.

வெற்றுக் குலையும் எண்ணெய் ஆசையும்

செம்பனை ஆலையின் கழிவுகளில் நாரும் ஓட்டின் ஒரு பகுதியும் ஆலைக் கொதிகலனுக்கே போகின்றன. மிஞ்சும் ஓட்டுக்கு ஏற்றுமதிச் சந்தை பிறந்துவிட்டது. ஜப்பான் 2012-இல் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு நிலையான கொள்முதல் விலை அறிவித்தபின், மலேசிய, இந்தோனேசியக் கொட்டை ஓடு அங்குள்ள மின்நிலையங்களுக்குக் கப்பலேறுகிறது. கைக்குள் அடங்காதது வெற்றுக் குலை மட்டுமே.

நீராவியில் வெந்து வெளிவரும் அந்தக் குலையில் 65 விழுக்காடு தண்ணீர். ஒரு டன் குலையில் உலர்பொருள் 350 கிலோதான். தண்ணீரை முழுவதும் வெப்பத்தால் விரட்டுவதாக வைத்துக்கொண்டால், அந்த 350 கிலோவுக்குள் இருக்கும் வெப்பத்தில் கால் பங்குக்கு மேல் அதற்கே போய்விடும். பிழிந்து நீரைக் குறைக்க இயந்திரமும் மின்சாரமும் வேண்டும். எண்ணெய்க்காகப் போடும் வேகமான வெப்பச் சிதைவுக்கு மிக உலர்ந்த, மிகச் சிறிய துகள் தேவை. அடுத்த தடை பொட்டாசியம். குலைச் சாம்பலில் அது மிகுதி. சிதைவின்போது அது ஆவியை மேலும் உடைத்து எண்ணெயைக் குறைக்கிறது, நீரைக் கூட்டுகிறது.

இத்தனை தடைகளையும் தாண்டி ஒரு முயற்சி நடந்தது. 2005-இல் ஜொகூரின் ஆயர் ஈத்தாமில் கெந்திங் குழுமம், நெதர்லாந்தின் பிடிஜி நிறுவனத் தொழில்நுட்பத்தில், மணிக்கு 2 டன் கொள்திறனுள்ள உயிர்எண்ணெய் ஆலையைக் குலைக்காகவே அமைத்தது. அதே தொழில்நுட்பத்தில் 2015-இல் நெதர்லாந்தின் ஹெங்கலோவில் எழுந்த ஆலை, காய்ந்த மரத்துகளை எடுத்து, எண்ணெயை வெகுதொலைவில் இல்லாத ஒரு பால்பொருள் ஆலையின் கொதிகலனுக்கு அனுப்பியது. ஈரக் குலையை நம்பிய முன்னதையும், காய்ந்த மரமும் வாங்குநரும் கிடைத்த பின்னதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாடம் தெளிவாகிறது. உயிர்எண்ணெய் டீசலுக்கு மாற்றாகாது. ஒரு கிலோவில் அது தரும் வெப்பம் டீசலின் பாதியைக்கூட எட்டாது. அதில் 15 முதல் 30 விழுக்காடு நீர் உண்டு. புளித்த காடிபோல் அமிலத்தன்மை கொண்டது, சாதாரண இரும்புத் தொட்டியை அரிக்கும். நாள்பட வைத்தால் கெட்டியாகும். காய்ந்த மூலப்பொருளும், எண்ணெயை உடனே வாங்கும் கொதிகலனும் பக்கத்தில் இருந்தால் மட்டுமே அது பிழைக்கும். பெஸ்தாரி ஜெயா ஆலையில் வடித்த எண்ணெயை லாரியில் ஏற்றிக் கிள்ளான் வரை கொண்டுபோய் விற்கும் கணக்கு, தண்ணீரைச் சுமந்து வாடகை கொடுக்கும் கணக்காகவே முடியும்.

மண்ணுக்குத் திரும்பும் கரி

மெதுவான வெப்பச் சிதைவில் கிடைக்கும் கரியை எரிக்காமல் மண்ணில் இட்டால் அதன் பெயர் பயோசார், தமிழில் மண்கரி எனலாம். அமேசானில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு மக்கள் கரியும் எலும்பும் கழிவும் இட்டு உண்டாக்கிய கருமண் இன்றும் வளம் குன்றாமல் இருப்பதிலிருந்து இந்த ஆர்வம் பிறந்தது. 2010-இல் புத்ரா மலேசியா பல்கலைக்கழகம் ஒரு தனியார் நிறுவனத்தோடு சேர்ந்து சிலாங்கூரிலேயே வெற்றுக் குலையிலிருந்து மண்கரி தயாரிக்கத் தொடங்கியது. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளுக்கிடையேயான குழுவின் 2019-ஆம் ஆண்டுக் கணக்கீட்டு வழிகாட்டியில், மண்கரியால் மண்ணில் தங்கும் கார்பனை மதிப்பிடும் முறை இடம்பெற்றது.

ஒரு டன் ஈரக் குலையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோ கரி கிடைக்கும். அதில் 60 கிலோ கார்பன் என்று கொண்டால், சுமார் 220 கிலோ கார்பன் டைஆக்சைடுக்கு ஈடான கார்பன் மண்ணுக்குப் போகிறது. அதில் பெரும்பகுதி நீண்ட காலம் மக்காமல் தங்கும். வாயுவை எரிக்காமல் விடும் சூளையில் சுட்டால் கணக்கு மாறும். மீத்தேன் கார்பன் டைஆக்சைடைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பது. மூன்றில் ஒன்றைக் கவனித்து ஒன்றை விட்டுவிட்டால் மண்கரியின் காலநிலைப் பயனும் சரியும்.

மண்ணுக்கு அது என்ன தரும்? கோல சிலாங்கூர்க் கடலோரத்தில் அமிலம் மிகுந்த சல்பேட் மண் திட்டுத்திட்டாக உண்டு. குலைக்கரி காரத்தன்மையுடையது, பொட்டாசியம் நிறைந்தது. அந்த மண்ணின் புளிப்பை அது ஓரளவு தணிக்கும், சுண்ணாம்புத் தேவையைக் குறைக்கும். உள்நாட்டு மணற்பாங்கான நிலத்தில் ஈரத்தையும் ஊட்டத்தையும் பிடித்து வைக்கும். வளமான கடலோரக் களிமண்ணில் பயன் குறைவு. எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே பரிந்துரை பொருந்தாது.

எதிர்வாதமும் வலுவானது. வெற்றுக் குலையைக் கரியாக்காமலே மரத்தடியில் பரப்பினால் மண் குளிர்ச்சியாகும், ஈரம் நிற்கும், மக்கும்போது நைட்ரஜனும் பொட்டாசியமும் சேரும். சுட்டால் பொட்டாசியம் பெரும்பாலும் கரியில் தங்கும், நைட்ரஜனில் கணிசமான பங்கு புகையோடு போய்விடும். ஆகவே ஆலைக்கு அருகிலுள்ள தோட்டப் பகுதிகளில் குலையைப் பரப்புவதே மேல். வண்டியில் ஏற்றிப்போக முடியாத தூரத்துக்கும், வண்டுத் தொல்லை மிகுந்த மறுநடவு நிலத்துக்கும், குவிந்து அழுகும் மிச்சத்துக்கும் கரி ஏற்றது. பத்தில் ஒரு பங்காக எடை குறைவதால் கரியைத் தொலைவுக்குக் கொண்டுபோவது எளிது.

செகிஞ்சான் நெல்வயல்களுக்கு உமிக்கரி இன்னும் நேரடியான பயன். உமி இயல்பாகவே உலர்ந்தது, அரிசி ஆலையில் ஓரிடத்திலேயே குவிவது, சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. நெல்லுக்குச் சிலிக்கா வேண்டும், அது தண்டை உறுதியாக்கும். ஒரு எச்சரிக்கை: மிகுந்த சூட்டில் அந்தச் சிலிக்கா நுரையீரலைப் பாதிக்கும் படிகமாக மாறும். மிதமான சூட்டில் சுடுவதும், கையாளுபவர்களுக்குத் தூசித்தடுப்பு முகமூடி தருவதும் கட்டாயம்.

டயரும் பிளாஸ்டிக்கும்

தோட்டக் கழிவுக்குச் சொன்ன நியாயம் டயருக்கும் பிளாஸ்டிக்குக்கும் பொருந்தாது. பழைய டயரைச் சிதைத்தால் ஏறத்தாழ 40 விழுக்காடு எண்ணெய், மூன்றில் ஒரு பங்கு கரித்தூள், இரும்புக் கம்பி, வாயு ஆகியவை கிடைக்கும். எண்ணெயில் கந்தகம் உண்டு. கரித்தூளில் துத்தநாகம் உண்டு, மண்ணில் இடத் தகாது. கலன்களைக் கழுவும் அழுக்குநீர் நஞ்சு. 2019 மார்ச்சில் ஜொகூரின் பாசிர் கூடாங் அருகே கிம் கிம் ஆற்றில் இரவோடிரவாகக் கொட்டப்பட்ட எண்ணெய்க் கழிவால் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி மருத்துவமனைக்கு ஓடினார்கள். நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. விசாரணை பழைய டயர்களைக் கையாளும் ஆலையை நோக்கிச் சென்றது. எண்ணெய்க்கு விலை கிடைத்தது, அழுக்குக்கு விலை கொடுத்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள். இந்தியா 2022-இல் டயர் எண்ணெய்க்காகப் பழைய டயர்களை இறக்குமதி செய்வதைத் தடைசெய்ததற்கும் இத்தகைய அனுபவங்களே காரணம்.

பிளாஸ்டிக்கில் பாலித்தீனும் பாலிபுரொப்பிலீனும் நல்ல எண்ணெய் தரும். அவற்றோடு பிவிசி கலந்தால் ஹைட்ரஜன் குளோரைடு எழும், அது ஈரத்தில் அமிலமாகிக் கலனை அரிக்கும், சுற்றத்தைக் கெடுக்கும். தரம் பிரிக்காத குப்பையை எண்ணெயாக்கித் தருவதாகச் சொல்லும் எந்தத் திட்டத்தையும் ஐயத்தோடு அணுக வேண்டும். 2018 தொடக்கத்தில் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவுக்குக் கதவை அடைத்தபோது, அந்தக் குப்பை தென் சிலாங்கூரின் ஜென்ஜாரோமில் வந்து குவிந்து எரிந்ததை நாடே பார்த்தது. கோலாலம்பூரின் குப்பையை ஏற்கும் புக்கிட் தாகார் கிடங்கும், ஜெராம் கிடங்கும் வட சிலாங்கூரிலேயே இருக்கின்றன. எண்ணெய் எடுப்பதாகச் சொல்லி வரும் அடுத்த திட்டம் இந்தப் பகுதியைத்தான் முதலில் தேடி வரும். அதை மறிக்க வேண்டும் என்பதல்ல என் வாதம். எண்ணெய்க்குக் காட்டும் அதே அக்கறையை அழுக்குநீருக்கும் வாயுவுக்கும் காட்டுகிறதா என்று கேட்டுப் பெற்ற பிறகே உரிமம் தர வேண்டும்.

யாரும் மூட்டாத சூளை

வட சிலாங்கூரின் மிகப் பெரிய வெப்பச் சிதைவு எந்த ஆலையிலும் நடப்பதில்லை. ராஜா மூசா, சுங்கை காராங் வனங்களின் பீட் மண் வறண்டு தீப்பிடிக்கும்போது அது நடக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்காமல் படிந்த தாவரப்பொருள்தான் அந்த மண். கால்வாய் வெட்டி நீரை வடித்தால் மேலடுக்கு உலர்கிறது. தீப்பிடித்தால் சுவாலையில்லாமல், மண்ணுக்கடியில் காற்றுக்குறைவில் கனிந்துகொண்டே போகும். முழுதும் எரியாததால் புகையில் கார்பன் மோனாக்சைடும் தார்த்துகளும் மிகுதி. 2005 ஆகஸ்ட் 11 அன்று, பெரும்பாலும் சுமத்ரா தீயிலிருந்து வந்த புகையால் காற்று மாசுக் குறியீடு 500-ஐத் தாண்ட, கோல சிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது.

கார்பனைப் பிடித்து வைக்க மண்கரி செய்வோம் என்று சொல்லும் வட்டாரத்தில், பீட் மண்ணை உலரவிடாமல் காப்பது முதல் கடமை. கால்வாய்களுக்குத் தடுப்புக் கட்டி நீர்மட்டத்தை உயர்த்தி ராஜா மூசாவில் மரம் நடும் பணியை, வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையமும் உள்ளூர் மக்களும் 2008 முதல் செய்து வருகிறார்கள். ஆண்டு முழுவதும் சேர்த்த மண்கரியின் கார்பனை ஒரு வறட்சியின் பீட் தீ விழுங்கிவிட முடியும்.

முடிவுகள்

இந்த ஆய்விலிருந்து நான்கு முடிவுகளுக்கு வருகிறேன்.

முதலாவது, வட சிலாங்கூருக்கு ஏற்ற வெப்பச் சிதைவு சிறியது, மெதுவானது, ஆலையோடு ஒட்டியது. எழும் வாயுவையும் ஆவியையும் அங்கேயே எரித்து, அந்தச் சூட்டில் அடுத்த குலையை உலர்த்தி, கரியை மட்டும் வெளியே அனுப்பும் அமைப்பு மூன்று கணக்கையும் நேர்செய்கிறது. தனியே எண்ணெய் விற்கும் பெருந்திட்டத்துக்கு இங்கே காய்ந்த மூலப்பொருளும் இல்லை, பக்கத்து வாங்குநரும் இல்லை.

இரண்டாவது, கரிக்கு முன்னுரிமை வரிசை வேண்டும். பரப்ப முடிந்த குலையைப் பரப்புவோம். உமியைச் சுட்டு வயலுக்குத் தருவோம். எஞ்சியதை அமில மண்ணுக்கும் மறுநடவு நிலத்துக்கும் கரியாக்குவோம். செம்பனை ஆலைக் கழிவுநீர்க் குளங்களிலிருந்து எழும் மீத்தேனைப் பிடிக்கும் வேலையை மண்கரியைக் காட்டித் தள்ளிப்போடக் கூடாது.

மூன்றாவது, கார்பன் சந்தை. 2022 டிசம்பரில் மலேசியப் பங்குச் சந்தை கார்பன் வணிகத்தைத் தொடங்கியபின் மண்கரிக்கும் விலை கிடைக்கும் வழி திறந்திருக்கிறது. அந்த வருமானத்தில், கரியைக் கையால் கிளறி மூட்டை கட்டும் தொழிலாளருக்குப் பங்கு எழுத்தில் இருக்க வேண்டும். இன்று அந்தத் தொழிலாளர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். நம் பாட்டன்கள் புகைக்கூடத்தில் பட்டதை அவர்கள் மறுபடி பட விடுவது நியாயமில்லை.

நான்காவதே எனக்கு மிக முக்கியமானது. தோட்டக் குடியிருப்புகளும் தமிழ்ப்பள்ளிகளும் பல இடங்களில் ஆலைகளுக்கு அருகிலேயே அமைந்தவை. புதிய சூளையோ கலனோ எதுவானாலும், புகைப்போக்கியின் அளவீடும் கழிவுநீர் போகும் இடமும் ஊர் மக்கள் படிக்கக்கூடிய மொழிகளில், தமிழிலும், ஆலை வாசலில் எழுதி வைக்கப்பட வேண்டும். சுற்றுச்சூழல் துறைக்குக் கொடுக்கும் அறிக்கையின் ஒரு படி பள்ளி மேலாளர் வாரியத்துக்கும் வர வேண்டும். நம் ஊர்ச் சங்கங்கள் இந்தக் கோரிக்கையை உரிமம் வழங்கப்பட்ட பிறகு எழுப்பினால் பலனில்லை. திட்டம் உள்ளாட்சி மன்றத்துக்கு வரும் அன்றே எழுப்ப வேண்டும்.